நான்காம் அங்கம், இரண்டாம் காட்சி

இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன், இப்போது இரண்டு இருபது, சேர்ந்திருப்பது மூன்று, வேண்டியது ஐம்பது. துறைத்தலைவர் பிரிட்டோ மேரி மேடம் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார், உள்ளே வந்தால் உட்கார வேண்டியிருக்கும், உட்கார்ந்தால் நான் ஏதாவது மறுத்துப் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும். "மங்கை, பழைய இங்கிலீஷ் டிராமா படிக்கறதுக்கும் நடத்தறதுக்கும் உதவற மாதிரி நல்ல வெப்சைட்டா ஐம்பது லிங்க் வேணும். ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு வரி. தரமதிப்பீட்டுக் குழு திங்கட்கிழமை வருது, நாலு மணிக்கு பிரின்சிபால் ஃபைலை மூடிடுவாங்க." நல்ல வெப்சைட். நல்ல தக்காளியாகப் பார்த்து எடு என்பதுபோலச் சொல்லிவிட்டார். தக்காளி என்றால் அமுக்கிப் பார்க்கலாம். யாருக்கு நல்லது? லால்குடியிலிருந்து ஆறே முக்கால் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற பெண்ணிடம் இருப்பது கண்ணாடி கீறிய போன், ஒரு பக்கம் திறப்பதற்குள் அவளுக்கு இரண்டு நிறுத்தம் தாண்டிவிடும், அவளுக்கு நல்லது என்றால் சீக்கிரம் திறப்பது. குழுவுக்கு நல்லது என்றால் ஐம்பது என்கிற எண். எனக்கு நல்லது என்றால் இப்போதைக்கு இந்த மேஜையில் பதினைந்து நிமிஷம் தலையைச் சாய்ப்பது. மதியம் சாப்பிட்ட எலுமிச்சைச் சாதம் நெஞ்சிலேயே நிற்கிறது. செமஸ்டர் விடுமுறை, வராந்தாவில் ஒரு செருப்புச் சத்தம் கிடையாது, ஐந்நூறு பெண்கள் இல்லாத கல்லூரி ஜுரம் விட்ட உடம்பு மாதிரி கிடக்கிறது. பக்கத்து மேஜையில் அஃப்ரின், போன வருஷம் சேர்ந்த பெண், தன் பங்குக்குக் கவிதைக்கான ஐம்பதை ஒரு மணிக்கே முடித்துவிட்டு வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் எப்படி முடித்தாள் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நாற்பத்தொன்பது வயது, இருபத்துமூன்று வருஷ சர்வீஸ், கண்ணாடியைக் கழற்றினால் திரை மங்குகிறது, போட்டால் தலை வலிக்கிறது.

முதல் லிங்க் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடையது. விளம்பரம் கிடையாது, படம் கிடையாது, வெள்ளைப் பக்கத்தில் நாடகங்களின் முழு மூலம், கடினமான சொல்லைத் தொட்டால் ஓரத்தில் பொருள் வருகிறது. யாரோ ஒருவர் வருஷக்கணக்காக உட்கார்ந்து வரிவரியாக அடித்திருக்கிறார். அந்த மனிதருக்கு முதுகு வலித்திருக்கும், அவர் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள், இதனால் என்ன பிரயோஜனம் என்று. கீழே இரண்டு வரி எழுதினேன், 'நம்பகமான மூலம், மெதுவான இணைப்பிலும் திறக்கும்.' இரண்டாவது, மேடையேற்றங்களின் காணொளிகள் உள்ள தளம். ஒரு நடிகை முக்காலியில் உட்கார்ந்திருக்கிற படம் மட்டும் தெரிந்தது, முகத்தில் பாதி வெளிச்சம், தொட்டதும் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு நீளமான பட்டியல் வந்தது, எங்கள் கல்லூரி அதில் இல்லை, பக்கத்தில் எந்த ஊரும் இல்லை. இருபத்துமூன்று வருஷமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நாடகத்தை மேடையில் பார்க்க வேண்டும், படித்தால் பாதிதான் கிடைக்கும் என்று. நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. யாரும் கேட்டதில்லை, மேடம் நீங்க பாத்திருக்கீங்களா என்று ஒருத்தியாவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன், கதவு திறக்கும் சத்தம் எப்படிக் கேட்கும், ஒருவன் மண்டியிட்டால் பலகை எப்படி அதிரும் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது, எங்கிருந்தோ ஒரு சார் கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு தமிழில் விளக்கும் வீடியோ, பின்னால் டிராக்டர் போகிறது. கீழே பிள்ளைகள் எழுதியிருந்தார்கள், சார் காலைல எக்ஸாம், நீங்கதான் தெய்வம். அதையும் சேர்த்தேன். தெய்வம் என்கிறார்களே, சேர்க்காமல் என்ன செய்வது.

நான்காவதற்காக அந்த நாடகத்தின் பெயரைத் தட்டினேன். பல வருஷத்துக்குப் பிறகு இந்தத் தடவை பாடத்திட்டத்தில் அது மறுபடி வந்திருக்கிறது. முந்நூறு வருஷத்துக்கும் மேலே பழசு. என்னுடைய அந்தக் காலத்து மாணவர்கள் அதை மில் வீட்டு நாடகம் என்பார்கள். ஒரு துறைமுக ஊர், அதில் ஒரு நீதிபதி, மனைவிமேல் சந்தேகம், ஊருக்கு வெளியே பாழடைந்த மாவு மில் வீட்டில் அவளைப் பூட்டி வைத்துவிட்டு சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு நீதி சொல்லப் போவான். நாலாவது அங்கத்தில் தப்பு தன்மேல்தான் என்று தெரிந்து ஓடிவந்து கதவைத் திறந்து அவள் முன்னால் மண்டியிடுவான். தளம் தளமாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் சுருக்கம், பாத்திரப் படைப்பு, பதினைந்து மார்க் வினாவிடை, நடுநடுவே மூட்டுவலித் தைல விளம்பரம். ஐந்தாவது தளத்திலோ ஆறாவது தளத்திலோ ஒரு வாக்கியத்தில் கண் நின்றது. முன்பே படித்ததுபோல இருந்தது. முந்தைய தளத்துக்குத் திரும்பினேன், அங்கேயும் அதே வாக்கியம், அதற்கு முந்தையதிலும். 'அதிகாலையில் வாசலில் தெளித்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடுவதைப் போல அவளுடைய கோபம் இறங்கிவிடுகிறது. கை கொடுத்து அவனை எழுப்புகிறாள். மன்னிப்பதில்தான் அவளுடைய பெருமை இருக்கிறது.' ஆங்கிலத்தில்தான் இருந்தது, ஆனால் மழையிலும் பனியிலும் கிடக்கிற அந்தத் துறைமுக ஊரில் எவள் விடிகாலையில் வாசல் தெளித்தாள்? எந்த இங்கிலீஷ்காரனுக்கு இந்த உவமை தோன்றும்? உறையூரில், சாலியர் தெருப் பக்கம், குடத்தோடு குனிந்து தெளிக்கிற ஒரு பெண்ணுக்குத்தான் தோன்றும். அது நான். அது நான் எழுதியது. ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டதுபோல முதலில் புரியாமல், பிறகு புரிந்து, வெட்கப்படும்படியாக ஒரு சந்தோஷம் வந்தது, யாரோ என் நோட்ஸை வைத்திருந்திருக்கிறார்கள், அடித்து ஏற்றியிருக்கிறார்கள், ஒருவர் பார்த்து ஒருவர் எடுத்திருக்கிறார்கள். பெயர் இல்லை. பெயர் எதற்கு.

"அஃப்ரின், இதைப் பாரும்மா," என்றேன். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். "இது ஃபேமஸ் மேடம். வாசல் தண்ணி. எங்க யுனிவர்சிட்டில இந்த டிராமா எங்களுக்கு இருந்தது. நாலாவது ஆக்ட் கேள்வி வந்தாலே இதைத்தான் எழுதுவோம். எனக்குப் பதினஞ்சுக்குப் பதிமூணு." தன் போனில் எதையோ தட்டி எனக்குக் காட்டினாள். "கேட்டா பதில் சொல்ற மென்பொருள்கூட இதையேதான் மேடம் சொல்லுது. பாருங்க, கை கொடுத்து எழுப்பறா, மன்னிக்கறா." நான் சிரிக்கப் பார்த்தேன். "மூலத்தைப் படிச்சியாம்மா?" "எங்க மேடம், நூத்தி இருபது பக்கம். நோட்ஸே பதினாலு பக்கம் இருந்தது." பதினாலு பக்கம். ஆமாம், பதினாலுதான். அடுத்த கேள்வியை அவள் கேட்டுவிடுவாளோ என்று இருந்தது, கேட்கவில்லை, நாற்காலியை உருட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொள்ளாமல் எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். நீங்க படிச்சீங்களா மேடம்? படிக்கவில்லை. அந்தக் காட்சியை நான் படிக்கவில்லை. என்னிடம் இருந்தது பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி, நூற்று இரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் நூற்றுப் பதினொன்று. நடுவில் எட்டுப் பக்கங்களை யாரோ அழகாகக் கிழித்து எடுத்திருந்தார்கள். அவன் மண்டியிடுகிற வரியோடு பக்கம் முடிகிறது. நூற்றுப் பதினொன்றில் அவன் தனியாக ஊருக்குத் திரும்புகிறான், அவளைப் பற்றி வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் என்ன நடந்திருக்கும்? மன்னித்திருப்பாள். வேறு என்ன நடக்கும்.

இரண்டாயிரத்து மூன்று, ஐப்பசி, விடாமல் மழை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் நோட்ஸ் வேண்டும், ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் தரணும் என்று அங்கே கேட்டிருந்தார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் அக்கா பெரம்பலூரிலிருந்து வந்தாள். சுலோசனா, என்னைவிட ஆறு வயது மூத்தவள். கையில் ஒரு பை, காலில் செருப்பு இல்லை. அத்தான் தனபாலுக்கு அங்கே இரும்புக்கடை. கடைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவார், கேட்டால் பாதுகாப்புக்கு என்பார், மூன்று வருஷமாக அப்படித்தான். எங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். கல்யாணம் விசாரிக்கப் போனபோது பக்கத்து வீட்டம்மா ஒருத்தி பொடி வைத்துச் சொன்னாள், அப்பா வந்து சொன்னதை அம்மா திருநீற்றுக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு அத்தான் பூட்ட மறந்துவிட்டார், அக்கா நடந்து வந்து பஸ் ஏறிவிட்டாள். இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரிடமும் முழுசாகப் பேசவில்லை. அப்பா ஈரக் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். எனக்கு அப்போது இருபத்தெட்டு, தை மாதத்துக்கு ஒரு வரன் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் அம்மா என்னிடம் வந்து, "நீ படிச்சவ, எடுத்துச் சொன்னா கேப்பா, மாடில இருக்கா, போ," என்றாள். நான் நோட்ஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன். மழை விட்டிருந்தது. என்ன சொன்னேன் என்று எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மன்னிக்கறதுலதான்க்கா பெருமை இருக்கு. அவர் கெஞ்சி ஃபோன் பண்ணியிருக்கார். நீ பெரிய மனசு பண்ணிப் போ." அவள் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வந்து பேனாவை எடுத்தேன், நாலாவது அங்கம், இரண்டாவது காட்சி, கை தன்னால் எழுதிக்கொண்டு போனது. மாடியில் சொன்னதைத்தான் நோட்ஸில் எழுதினேனா, நோட்ஸில் எழுத நினைத்ததைத்தான் மாடியில் சொன்னேனா, எது முந்தி? அதைத்தான் இத்தனை வருஷமாகப் பிரிக்க முடியவில்லை. வியாழக்கிழமை காலையில் அப்பா அவளைப் பஸ் ஏற்றிவிட்டார். தை மாதம் இளங்கோவனோடு எனக்குக் கல்யாணம் நடந்தது, நல்ல மனுஷர், அவரைப் பற்றிச் சொல்லக் குறை ஒன்றும் இல்லை. குறை இல்லை என்பதுதான் அவ்வப்போது உறுத்துகிறது. அக்கா போகாமல் இருந்திருந்தால் அந்த வரன் கைகூடியிருக்குமா, கூடியிருக்காது. அது தெரிந்துதான் பேசினேனா. தெரியாமல் பேசியிருக்க முடியுமா. அடுத்த வருஷத்தோடு அந்த நாடகத்தைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது, ஏன் வந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் முதுகைப் பார்த்திருக்கிறேன். எட்டுப் பக்கம். எட்டே நிமிஷ வேலை.

மூன்று மணி ஐந்து. முதல் லிங்கைத் திறந்தேன், அந்த முகம் தெரியாத மனிதர் அடித்து வைத்த வெள்ளைப் பக்கம். நான்காம் அங்கம் என்று இருந்ததைத் தொட்டேன், இரண்டாம் காட்சியைத் தொட்டேன். அவன் மண்டியிடுகிறான். பேசுகிறான். எண்ணினேன், நாற்பத்துமூன்று வரி. தன் குற்றம், தன் தூக்கம் கெட்டது, தன் பெயர் கெட்டது, தன் நெஞ்சில் முள், எல்லாம் தன், தன், தன். நடுவில் ஒருமுறை கூட அவள் குறுக்கிடவில்லை. முடித்துவிட்டு, பேசு, ஒரு வார்த்தை பேசு என்கிறான். அவள் அவனைத் தாண்டி வேலைக்காரப் பெண்ணைப் பார்த்து, வெளியே சேறாக இருக்குமே, என் காலணியைக் கொண்டு வா என்கிறாள். காலணியைப் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான், அடைப்புக்குள் 'அவள் போகிறாள்.' அவன் அப்போதும் முழங்காலில்தான் இருக்கிறான். திரும்ப மேலே போய்ப் படித்தேன், நான் ஏதாவது விட்டுவிட்டேனோ என்று. கை கொடுக்கவில்லை. எழுப்பவில்லை. மன்னிக்கவில்லை, திட்டவும் இல்லை, திட்டுவதற்கான நேரத்தைக்கூட அவனுக்குத் தரவில்லை. முந்நூறு வருஷமாக இந்தப் பெண் காலணி போட்டுக்கொண்டு வெளியே நடந்துகொண்டிருக்கிறாள், நான் கையைப் பிடித்து இழுத்து வந்து உள்ளே நிறுத்தியிருக்கிறேன், எத்தனை ஆயிரம் விடைத்தாள், எத்தனை பதிமூணு மார்க், எத்தனை பெண்கள் முதல் நாள் இரவு மனப்பாடம் செய்து வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பார்கள், மன்னிப்பதில்தான் பெருமை, மன்னிப்பதில்தான் பெருமை. அதில் ஒருத்தி பிறகு ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பூட்டிய கதவுக்கு உள்ளே, அதை நினைத்திருந்தால்? நினைத்திருக்க மாட்டாள், பரீட்சை முடிந்தால் எல்லாம் மறந்துவிடும், மறந்துவிட வேண்டும். என் கை கால் எல்லாம் கனத்துக் கிடந்தது. பயமா, களைப்பா, இந்த வயதில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது.

திருத்தலாமே. ஒரு தளத்தில் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று இருந்தது. எழுதினேன், ஐயா, நான்காம் அங்கம் பற்றி நீங்கள் வெளியிட்டிருப்பது தவறு, மூலத்தில் அப்படி இல்லை. உடனே பதில் வந்தது, உங்கள் பாராட்டுக்கு நன்றி, எங்கள் குழு மகிழ்கிறது. இன்னொன்றில் எழுதினேன், கடவுச்சொல் உருவாக்கு என்றது, பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, பலவீனமானது, பலவீனமானது, மீண்டும் முயல்க. மூன்றாவதில் எழுதுவதற்கு இடமே இல்லை. "என்ன மேடம், எத்தனை ஆச்சு?" என்று அஃப்ரின் கேட்டாள். "ஒண்ணு," என்றேன். "ஒண்ணா?" "மத்ததெல்லாம் அழிச்சிட்டேன். இது ஒண்ணுதான் நல்லது." அவள் மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மேடம், உடம்பு சரியில்லையா? நான் வேணா பத்து நிமிஷத்துல போட்டுத் தரேன், எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு." ஒரே மாதிரிதான் இருக்கிறது, நீ சொல்வது சரி. "அந்த வாசல் தண்ணி வாக்கியம் தப்பு அஃப்ரின். அவ மன்னிக்கல. அது நான் எழுதினது," என்றேன். சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த ஸ்கேல் அப்படியே நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து, "தண்ணி கொண்டு வரட்டுமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். நான் போனை எடுத்திருந்தேன். அக்காவோடு பேசி ஆறு மாதம் இருக்கும், தீபாவளிக்குப் பேசினது, எண்ணெய் வச்சுக் குளிச்சியா, குளிச்சேன், அவ்வளவு. அத்தான் இப்போதெல்லாம் பூட்டுவதில்லை, முட்டி தேய்ந்துபோய் அவராலேயே படி இறங்க முடியவில்லை, கடையையும் அவர்கள் பையன் வந்து விற்றுக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓசூருக்கே போய்விட்டான். சாவி இப்போது அக்காவிடம். இருந்தும் அவள் எங்கேயும் வருவதில்லை. மணி அடித்தது, நிறுத்திவிடலாமா, எடுத்துவிட்டாள்.

"என்னடி, இந்த நேரத்துல? காலேஜ் இல்லையா?"

"லீவுதான்க்கா. ஆனா வந்திருக்கேன். என்ன பண்ணிட்டிருக்க?"

"சின்ன வெங்காயம் உரிக்கறேன். தோட்டத்துல வெளைஞ்சதுன்னு பக்கத்து வீட்ல ரெண்டு படி குடுத்தாங்க. சொல்லு."

எப்படி ஆரம்பிப்பது, நாடகம், மில் வீடு, எட்டுப் பக்கம், நாற்பத்துமூன்று வரி, இதையெல்லாம் வெங்காயம் உரிக்கிறவளிடம் எப்படிச் சொல்வது. வாயில் வந்ததைச் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு மாடில நான் உன்கிட்ட பேசினேன் இல்ல. உறையூர் வீட்ல. மன்னிச்சுட்டுப் போன்னு. அது தப்புக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாம பேசிட்டேன். இருபத்தோரு வருஷமா உன்னை நாந்தான் அங்க அனுப்பினேன்னு—" அஃப்ரின் எழுந்து சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

அந்தப் பக்கம் வெங்காயத் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ எங்கடி அனுப்பின?" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, புரியாமல் கேட்டாள். "நீ மேல வரதுக்கு முன்னாடியே அம்மா என் புடவையெல்லாம் மடிச்சுப் பையில வச்சாச்சு. மாடிச் சாய்ப்புல கொடில உங்க துணி எல்லாம் அப்படியே கெடந்துது, என்னோடது மட்டும் இல்ல. அதைத்தான் பாத்துட்டு நின்னேன். அப்பவே தெரிஞ்சு போச்சு. நீ பேசினது ஒண்ணும் என் காதுல ஏறல. ஏதோ பெருமை கிருமைன்னு சொன்ன."

இருபத்தோரு வருஷம். அவள் காதில்கூட ஏறாத ஒரு வாக்கியத்தை நான் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இறக்கி வைக்கலாம்தானே, நெஞ்சு லேசாக வேண்டும்தானே, லேசாகவில்லை. பொய்யென்று தெரிந்துவிட்ட சுமைக்கும் கை வலி அதே வலிதான். அன்றைக்கு நான் பேசியிருந்தாலும் ஒன்றும் இல்லை, பேசாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் இல்லை, அம்மா ஏற்கெனவே மடித்துவிட்டாள், அப்பா பஸ் நேரம் விசாரித்துவிட்டார், நான் எழுதி முடிந்த காட்சிக்குள் போய் வசனம் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அப்படியானால் என்மேல் தப்பில்லையா? இல்லையென்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். அக்கா சொல்லிவிடுவாள் போலிருந்தது. சொல்லவில்லை.

"ஆனா ஒண்ணுடி மங்கை," என்றாள், குரல் இறங்கியிருந்தது, "மாடிப்படியில நீ ஏறி வர சத்தம் கேட்டப்ப, நீ ஒருத்தியாவது போகாதேன்னு சொல்லுவன்னு நெனச்சேன். சொன்னா நடக்கப் போறதில்ல. எனக்குத் தெரியும். அம்மா விட மாட்டா. இருந்தாலும் ஒருத்தர் சொல்லியிருந்தா... அது ஒண்ணு கையில இருந்திருக்கும்."

நாற்பத்துமூன்று வரி பேசலாம். எனக்கும் தூக்கம் கெட்டது, எனக்கும் நெஞ்சில் முள். உதட்டுக்கு வந்துவிட்டது, அப்படியே விழுங்கினேன். வராந்தாவில் பிரிட்டோ மேரி மேடத்தின் குரல் கேட்டது, மங்கை முடிச்சாச்சா என்று, அஃப்ரின் ஏதோ சொல்லி அவரைத் தடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரே ஒரு லிங்க் இருந்தது, கீழே இரண்டு வரி.

"இப்ப சொல்லேன்," என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"அதான். போகாதேன்னு. இப்ப சொல்லு."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். இத்தனை வருஷம் வகுப்பில் எத்தனையோ பேருடைய வசனத்தை உரக்கப் படித்திருக்கிறேன், என் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தைக்கு நாக்கு எழவில்லை. "போகாதக்கா," என்றேன். சரியாகக் கேட்டிருக்காதோ என்று பயந்து இன்னொரு தடவை சொன்னேன். "அங்க போகாத. இங்கயே இரு."

எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது, அவள் பக்கமா என் பக்கமா தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"சரி," என்றாள். "போகல. நீ போய் வேலையப் பாரு."

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.